முன்னால் போன ஒரு முழம்

1967-ஆம் வருடம் செப்டம்பர் முதல் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பத்தேகால் மணிக்குப் பெரிய காஞ்சிபுரத்தில் குப்புசாமி வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். அவரவர் உட்கார்ந்திருந்த இடமாவது: குப்புசாமி தறிக்குழியில், இடுப்புவரை பூமிக்குள்ளும் மீதி வெளியிலுமாக. அவன் மனைவி கலாவதி தறியின் பக்கவாட்டில், கரை இழை சுமக்கும் நாடாவை எறிந்து கொடுக்கும் பலகையில். அவன் அக்கா காமாட்சியம்மாள் கவிழ்த்துப்போட்ட உரலின்மேல், ராட்டையைத் தள்ளி வைத்துவிட்டு. கலாவதியின் அண்ணன் பரமசிவம் வாசற்படியில், பாதி நிழலிலும் பாதி வெயிலிலும். ஐந்தாவது ஆள் மயில்வாகனம். சின்ன காஞ்சிபுரத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருப்பவர். எதிர்வீட்டில் இரவல் வாங்கி வந்த மடக்கு நாற்காலி அவருக்கு.

கடிதம் தாம்பாளத்தில் உட்கார்ந்திருந்தது. காமாட்சியம்மாள் அதற்கு ஏற்கெனவே குங்குமம் வைத்தாகிவிட்டது.

"யம்மா, கவர்மெண்ட் கடுதாசி, அழியக் கூடாது," என்றார் மயில்வாகனம்.

"மூலையிலதான் வச்சேன் சார். மங்களமா இருக்கட்டுமே."

கடிதம் டெல்லியில் நடக்கப்போகும் ஒரு கைத்தறிக் கண்காட்சியின் அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. ஆடி மாதம் குப்புசாமி ஒரு புதுக் கரைக்கு டிசைன் போட்டு, கிராஃப் காகிதத்தில் கட்டம் நிரப்பி, பரமசிவம் கெக்கலி கொட்டக் கொட்ட டெல்லிக்கு அனுப்பியிருந்தான். கரையில் வரிசையாகச் சக்கரங்கள். பார்த்தவர்கள் எல்லாம் பெருமாள் கைச் சக்கரம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அது மயில்வாகனத்தின் சைக்கிள் சக்கரம் என்பது குப்புசாமிக்கும் கலாவதிக்கும் மட்டுமே தெரியும். கம்பிகளைக்கூட எண்ணித்தான் போட்டிருந்தான்.

மயில்வாகனம் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த துணியை மடித்தார். பிறகு ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் படித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்.

"ஒண்ணு. உங்க டிசைன் தேர்வாகி இருக்குது."

தறிக்குழிக்குள் மிதிகள் இரண்டும் தாமாகவே கடகடவென்று ஆடின.

"கால வச்சிக்கினு சும்மா இரு மாப்ளே," என்றான் பரமசிவம். "பாவு அறுந்துரப் போவுது."

"ரெண்டு. இந்த டிசைன்ல நெய்த புடவை ஒண்ணு இருபத்தஞ்சாம் தேதிக்குள்ள டெல்லி ஆபீசுக்கு வந்து சேரணும். தவறினால் தேர்வு ரத்து. மூணு." மயில்வாகனம் நிறுத்தினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "மூணு. சப்ஸிக்வென்ட்லி, நெசவாளர் நேரில் அழைக்கப்பட்டு, கண்காட்சியில் தறியில் உட்கார்ந்து நெய்து காட்டவேண்டும். போக வர ரயில் சார்ஜ் தரப்படும்."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கலாவதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காமாட்சியம்மாள் ஏகாம்பரநாதர் கோயில் இருக்கும் திக்கை நோக்கிக் கும்பிட்டாள். பரமசிவம், "டெல்லிக்குப் போயி எந்த பாஷையில பேசுவே?" என்று கேட்டான்.

"நா ஏன் பேசணும்? தறி பேசும்," என்றான் குப்புசாமி. சொல்லிவிட்டு, சொன்னது நன்றாக இருக்கிறதே என்று மறுபடியும் ஒரு தரம் சொன்னான்.

அவன் மெட்ராசுக்கு மூன்று முறை போயிருக்கிறான். திருத்தணிக்கு இரண்டு முறை. திருத்தணி போகும் வழியில் வடை வாங்க இறங்கிய ஊர் அரக்கோணம். அங்கே பிளாட்பாரத்தில் நின்று, வடக்கே போகும் வண்டி தன்னை விட்டுவிட்டுப் போவதை வாயில் வடையோடு பார்த்தது தவிர அவனுக்கும் டெல்லிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் அந்த வண்டியின் கடைசிப் பெட்டி வளைவில் திரும்பியது இன்றைக்கும் அவன் தூக்கத்தில் வரும். முப்பத்தெட்டு வயதில் ஒரு மனிதன் இதையெல்லாம் வெளியில் சொல்ல முடியுமா? பெண்டாட்டியிடம் சொல்லியிருந்தான். அவ்வளவுதான்.

"சார், அந்த மூணாவது இன்னொரு தரம்," என்றான்.

"சப்ஸிக்வென்ட்லி."

"அப்பிடின்னா?"

"பிறகு. அதற்குப் பிறகு."

"பிறகுன்னா எப்போ? அடுத்த நாளா, அடுத்த வருசமா?"

மயில்வாகனம் மேலே கூரை ஓடுகளைப் பார்த்தார். இருபது வருடமாக இந்த வார்த்தையை டைப் அடித்திருக்கிறார். நூற்றுக்கணக்கான பிள்ளைகளை அடிக்க வைத்திருக்கிறார். எஸ் என்ற எழுத்துக்கு இடது மோதிர விரல் என்று தூக்கத்திலும் சொல்வார். எப்போது என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை.

"அதை வார்த்தை சொல்லலை," என்றார் நேர்மையாக. "முதல்ல ஒண்ணு, அதுக்கப்புறம் இன்னொண்ணு. அந்த வரிசையைத்தான் சொல்லுது. நடுவுல எவ்ளோ நாள்னு சொல்லலை."

"மேல ஏறச் சொல்லிட்டு ஏணிய எடுத்துக்கினு போன கதையா இருக்குதே," என்றான் பரமசிவம்.

"இருங்க." மயில்வாகனம் சைக்கிள் கேரியரிலிருந்து ஒரு மூட்டையை அவிழ்த்தார். அட்டை போய்விட்ட அகராதி. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டியில் பரிசாக வந்தது. வார்த்தைக்கு அர்த்தம் மட்டுமல்ல, பூர்வீகமும் போட்டிருக்கும். பொண்ணு பார்க்கப் போகிறவன் குலம் கோத்திரம் விசாரிப்பதுபோல எந்த வார்த்தையையும் விசாரிக்கலாம்.

விரலை நனைத்து நனைத்துப் புரட்டினார். "ஆ. லத்தீன் பாஷையில இருந்து வந்திருக்குது. ரெண்டு துண்டு. பின்னால இருக்கிற துண்டு, ஸெக்வி. தொடர்ந்து போறது. முன்னால இருக்கிற சப், அடியில. ஒட்டினாப்பல."

"அடியில தொடர்ந்து போறதா?" கலாவதி புருவத்தைச் சுருக்கினாள். "செருப்பா?"

கூடம் வெடித்தது. மயில்வாகனம் மட்டும் சிரிக்காமல் விரலைப் பக்கத்திலேயே வைத்திருந்தார். பாடத்தின் நடுவில் அவர் சிரிப்பதில்லை.

சிரிப்பின் நடுவில் குப்புசாமிக்குத்தான் பிடிபட்டது. "சார்! அடியொற்றி! முன்னால போறவன் அடி வச்ச எடத்துலயே அடி வச்சி, ஒட்டிக்கினே பின்னால போறது. அதானே?"

மயில்வாகனம் அகராதியைப் பார்த்தார். குப்புசாமியைப் பார்த்தார். "இந்த புஸ்தகத்துல இவ்ளோ நல்லாப் போடலை," என்றார். அப்புறம்தான் அவருக்கும் சிரிப்பு வந்தது. "பொறந்தப்போ அதான் அர்த்தம், ஒட்டிக்கினு போறது. இப்போ ஆபீசுல அந்த ஒட்டுறது எல்லாம் தேய்ஞ்சு போச்சு. வெறும் 'பிறகு'தான். இன்னொண்ணு கேளுங்க. செகண்ட்னு சொல்றோமே, ரெண்டாவது? அதுவும் இதே வீட்டுப் பிள்ளைதான். முதல்ல போறதைத் தொடர்ந்து போறவன், அதனால செகண்ட்."

"அப்போ செகண்ட் ஷோ?" பரமசிவம் படியிலிருந்து எழுந்தே விட்டான்.

"அதுவும்தான். முதல் ஆட்டத்தைத் தொடர்ந்து வர்ற ஆட்டம்."

"உங்க செகண்ட் ஹாண்ட் சைக்கிளு?"

"முதல் கையைத் தொடர்ந்து வந்த கை," என்றார் மயில்வாகனம், கம்பீரம் குறையாமல்.

குப்புசாமிக்குத் தலை கிறுகிறுத்தது. லத்தீன்காரன் யாரோ, எந்தத் தெருவோ, அவனும் ஒருவன் பின்னால் ஒருவன் அடியொற்றி நடந்திருக்கிறான். அந்த நடை கப்பலேறி, டெல்லி வந்து, தபாலில் இறங்கி, தன் வீட்டுத் தாம்பாளத்தில் குங்குமத்தோடு உட்கார்ந்திருக்கிறது. புடவை போகும். அதை ஒட்டிக்கொண்டு அவன் போவான். அரக்கோணத்தில் வடை வாங்க இறங்கமாட்டான். இறங்கவே மாட்டான்.

"சப்ஸிக்வென்ட்லி!" என்று தறிக்குழியிலிருந்து கூவினான். தெருவில் போய்க்கொண்டிருந்த மோர்க்காரி, "இன்னாபா?" என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அப்போது காமாட்சியம்மாள் உரலின்மேல் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எல்லாம் சரி, டேய் குப்பு. மொதப் பொடவை யாருக்கு?"

தறியின் மிதிகள் நின்றன.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புது டிசைன் ஒன்று தறி ஏறினால், அதில் முதலில் இறங்குவது தெருக்கோடிப் பொன்னியம்மனுக்கு. மனுஷருக்கு அதற்கு அப்புறம்தான். குப்புசாமியின் அப்பா அப்படித்தான் செய்தார். குப்புசாமியும் இதுவரை நான்கு டிசைனுக்கு அப்படியே செய்திருக்கிறான். தறியில் இப்போது மூன்று புடவை நீளத்துக்கான பாவு இழைகள் ஏறியிருந்தன. நேற்றுத்தான் ஆரம்பித்து ஒரு முழம் நெய்திருந்தது. அது அம்மன் புடவை.

மயில்வாகனம் பேனாவைத் திறந்து கணக்குப் போட்டார். பார்சல் டெல்லி போக ஆறு நாள். ஒரு நாள் முன்னே பின்னே ஆகலாம். ஆக, பதினெட்டாம் தேதி தபாலில் சேர்க்க வேண்டும். நாளை முதல் பதினேழுவரை பதினாறு நாள். அதில் அமாவாசை ஒன்று, அன்று தறியில் உட்காரமாட்டார்கள். பிள்ளையார் சதுர்த்தி ஒன்று. மிச்சம் பதினாலு. ஒரு புடவைக்கு உடல் பன்னிரண்டு நாள், முந்தானை இரண்டு நாள், ஆகப் பதினாலு.

"ஒரு புடவைதான் ஆகும்," என்றார். "ரெண்டு ஆகாது."

"மாப்ளே, இத டெல்லிக்கு அனுப்பு. அடுத்தத அம்மனுக்குக் குடு," என்றான் பரமசிவம். "அம்மன் எங்க போயிடப் போறா? அவளுக்கு என்ன ரயிலா புடிக்கணும்?"

"வாய அலம்பு பரமசிவம்," என்றாள் காமாட்சியம்மாள். "எங்க சித்தப்பா ஒருத்தர் அப்பிடித்தான் மொதப் பொடவைய வித்தாரு. அந்த வாரமே தறி மேல ஓடு வுழுந்துது. தெரியுமா?"

"அது கொரங்கு தள்ளிச்சிக்கா. நானே பார்த்தேன்."

"அந்தக் கொரங்க யாரு அனுப்புனது?"

பரமசிவம் மறுபடியும் படியில் உட்கார்ந்தான்.

குப்புசாமி நெய்த துணியைச் சுருட்டும் படைமரத்தின்மேல் இருந்த அந்த ஒரு முழத்தைத் தடவினான். மயில்கழுத்து நிறத்தில் உடல், அரக்குக் கரை, அதில் ஓடாமல் நிற்கும் சக்கரங்கள். அக்கா சொல்லாவிட்டாலும் அவன் கை வராது. அது அவனுக்குத் தெரியும். அம்மனைத் தாண்டி அனுப்பிவிட்டு டெல்லியில் தறியில் உட்கார்ந்தால் ஒரு இழைகூட நேராக வராது. அரக்கோணத்து வளைவில் கடைசிப் பெட்டி திரும்பிக்கொண்டிருந்தது.

"எழுதிடுங்க சார்," என்றான். குரல் குழிக்குள்ளிருந்து வந்தது. "முடியாதுன்னு எழுதிடுங்க."

மயில்வாகனம் பேனாவைத் திறக்கவில்லை.

கலாவதி தன் கையிலிருந்த நாடாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சார்," என்றாள். "அந்த வார்த்த என்னா சொல்லுது? முன்னால ஒண்ணு போவும், பின்னால ஒட்டிக்கினு ஒண்ணு வரும். அவ்ளோதானே?"

"அவ்ளோதான்மா."

"முன்னால போறது எவ்ளோ பெருசா இருக்கணும்னு சொல்லுதா?"

மயில்வாகனம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்க அகராதியை இன்னொரு தரம் பார்த்தார். "இல்லை."

"பங்குனித் தேர் வர்றப்போ முன்னால யாரு போறாரு? புள்ளையாரு. எவ்ளோண்டு தேரு அது! ஆளுக்கு ஒரு கை புடிச்சா ஓடிடும். அத ஒட்டிக்கினு பின்னால சாமியோட பெரிய தேரு, மூணு மாடி ஒசரம். யாராச்சும் புள்ளையார் தேரு சின்னது, அதனால அவரு முன்னால போவலைன்னு சொல்றாங்களா?" கலாவதி எழுந்து படைமரத்தைக் காட்டினாள். "இதோ இருக்குதே ஒரு முழம். இங்கயே வெட்டுங்க. மொதல்ல எறங்குறது இது. இது அம்மனுக்குப் பாவாட. அதே பாவுல, அது அடியையே ஒட்டிக்கினு வர்றது டெல்லிப் பொடவ."

எல்லார் கண்ணும் காமாட்சியம்மாளிடம் போயிற்று.

காமாட்சியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். பொன்னியம்மனைப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. ஒரு முழ உயரக் கல். பன்னிரண்டு முழப் புடவையைப் பூசாரி எட்டாக மடித்து, பதினாறாக மடித்து, அம்மன் கழுத்தை மூக்கைக் கண்ணை எல்லாம் மூடி, பார்ப்பவர்களுக்கு அது அம்மனா துணி மூட்டையா என்றே தெரியாத அந்தக் கோலம்.

"போன தரம் பொடவ சாத்தினப்போ அவ மூஞ்சியே தெரியல," என்றாள் மெதுவாக. "எனக்கே மூச்சு முட்டிச்சி."

"அப்போ?" என்றான் குப்புசாமி.

"அப்போ என்னடா அப்போ! மொதல்ல எறங்குறது அவளுக்கு. இம்மாம் நீளம்னு அப்பா எங்க சொன்னாரு?" அவள் கண்ணைத் திறந்தபோது அதில் குறும்பு இருந்தது. "எங்க தம்பி பொண்டாட்டிக்கு இருக்குற மூளையில கால்வாசி எங்க தம்பிக்கு இருந்திருந்தா இந்நேரம் டெல்லியவே இங்க கூப்புட்டிருப்பான்."

"வெட்டினா மறுபடி பாவ இழுத்துக் கட்டணுமே மாப்ளே," என்றான் பரமசிவம். "ஒரு முழத்துக்கு மேல போயிடுமே, நீளம் பத்துமா?"

"மூணாவது பொடவைக்கு ரவிக்கைத் துண்டு இருக்காது," என்றான் குப்புசாமி. அதற்குள் அவன் குழியிலிருந்து வெளியே வந்திருந்தான். எப்போது வந்தான் என்று அவனுக்கே தெரியாது. "போவட்டும்! அத உன் பொண்டாட்டிக்கே குடுக்குறேன் மச்சான், மேட்சா ரவிக்க நீ வாங்கிக் குடு!"

"எம் பொண்டாட்டி மேட்சு தேடுறதுக்குள்ள நீ டெல்லி போயி ரிட்டன் வந்துருவே!"

நல்ல நேரம் பார்த்தார்கள். ராகுகாலம் கழிந்து பன்னிரண்டுக்கு மேல் என்று வந்தது. காமாட்சியம்மாள் சூடம் காட்டினாள். கலாவதி துணியை இழுத்துப் பிடித்தாள், குப்புசாமி கத்தரிக்கோலை வைத்தான். ஆயிரக்கணக்கான இழைகள் சரசரவென்று விலகி, ஒரு முழம் மயில்கழுத்துப் பட்டு அவன் கையில் வந்தது. அதற்குப் பின்னால் பாவின் நுனிகள், வரிசை கலையாமல் காத்துக்கொண்டிருந்தன.

பிறகு கடிதம். மயில்வாகனம் பேனாவைத் திறந்து, மடியில் அகராதியை மேசையாக்கி எழுதினார். ஒன்று, தங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு, புடவை பதினெட்டாம் தேதி அனுப்பப்படும். மூன்று.

"மூணுல அம்மனப் பத்திப் போடுங்க," என்றாள் காமாட்சியம்மாள்.

"யம்மா, அது ஆபீசு. அங்க இதெல்லாம் கேக்கமாட்டாங்க. கேட்டா, ஏன் வெட்டினே, முதல் துணி எங்கேன்னு வேற குடைவாங்க."

"மறைச்சா அது முன்னால போனதா ஆவாது சார். முன்னால போறவங்கள நாலு பேரு பாக்கணும்."

மயில்வாகனம் குப்புசாமியைப் பார்த்தார். கடிதம் அவனுடையது. டெல்லியும் அவனுடையது. இந்த ஒரு வரியால் எவனாவது ஒரு அதிகாரி முகம் சுளித்து, வேறு நெசவாளியைக் கூப்பிட்டால் போனது போனதுதான்.

குப்புசாமி ஒரு நிமிஷம் யோசித்தான். ஒரு நிமிஷத்துக்கும் குறைவு.

"போடுங்க சார். ஆனா அந்த வார்த்தையில போடுங்க. மொத முழம் எங்க தெரு அம்மனுக்கு. சப்ஸிக்வென்ட்லி, பொடவ உங்களுக்கு. அது அவங்க வார்த்ததானே? அவங்களுக்குப் புரியும்." அவன் சிரித்தான். "நாலாவதா ஒண்ணு. சப்ஸிக்வென்ட்லி, நானு வர்றேன்னு போடுங்க. பொடவைய ஒட்டிக்கினே வர்றேன், ரொம்ப நாள் காக்க வைக்காதீங்கன்னு போடுங்க."

"ஒரு கடுதாசில ரெண்டு தரம் அழகா இருக்காது."

"சார், கரையில சக்கரம் எத்தினி இருக்குது? ஒண்ணுதானா இருக்குது?"

மயில்வாகனம் இரண்டு தரம் போட்டார்.

பசை இல்லை. கலாவதி பாவுக்குப் போடும் கஞ்சியிலிருந்து ஒரு சொட்டை விரலில் தொட்டுக் கொண்டுவந்து, உறையின் வாயில் இழைத்து ஒட்டினாள். ஆபீசு உறை அவ்வளவு கெட்டியாக எந்நாளும் மூடியிருக்காது.

தெருவில் வரிசையாகப் போனார்கள். முன்னால் காமாட்சியம்மாள், தாம்பாளத்தில் ஒரு முழப் பட்டு. அவளை ஒட்டிக் குப்புசாமி, கையில் கடிதம். அவனை ஒட்டிக் கலாவதி. அப்புறம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மயில்வாகனம். கடைசியில் பரமசிவம், "இது செகண்டா, தேர்டா, நா எத்தினியாவது?" என்று கேட்டுக்கொண்டே. பூசாரி பாவாடையைச் சாத்தினார். பொன்னியம்மன் கண்ணும் மூக்குமாக, கழுத்து நிமிர்ந்து, பட்டுப் பாவாடை கட்டிய பத்து வயதுப் பெண்போல நின்றாள். காலடியில் சைக்கிள் சக்கரங்கள். மயில்வாகனம் கும்பிட்டார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து தன் சைக்கிளைப் பார்த்தார். மறுபடியும் குனிந்து, உதட்டை அசைத்து அசைத்துக் கம்பிகளை எண்ண ஆரம்பித்தார்.

கலாவதி சிரிப்பை அடக்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

குப்புசாமி நிற்கவில்லை. தபால் எடுக்க இன்னும் அரை மணி இருந்தது, இருந்தும் ஓடினான். கோயிலிலிருந்து நாற்பது தப்படியில் சிவப்புப் பெட்டி. உறையை அதன் வாயில் வைத்து, ஒரு கணம் பிடித்து, திரும்பிப் பார்த்தான். எல்லோரும் வந்துகொண்டிருந்தார்கள், ஒருவர் பின் ஒருவராக.

விரலை விட்டான். கடிதம் உள்ளே விழுந்தது.